ஃபேடரைத் தள்ளினால் சுருதி வழுக்குகிறது, கையை எடுத்தால் ஃபேடர் கீழே ஓடுகிறது: கண்ட்ரோல் சர்ஃபேஸ் அமைக்க உதவி வேண்டும்

இரவுப்பதிவு:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ராத்திரி மல்லுக்கட்டிவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மோட்டார் ஃபேடரும் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்துபிடி) ஒரு மாஸ்டரும் உள்ள கண்ட்ரோல் சர்ஃபேஸ், அதாவது மிக்ஸிங் மென்பொருளைக் கையால் இயக்கும் பெட்டி ஒன்று கைமாறி என்னிடம் வந்தது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு நாப், நான்கு பட்டன், மேலே ட்ராக் பெயர் காட்டும் சின்னத் திரை. கணினியோடு யூஎஸ்பி இணைப்பு. விண்டோஸ், ஒலிப்பதிவு மென்பொருள் ரீப்பர். கையேடு கூட வரவில்லை. இதுவரை மவுஸால் மட்டுமே மிக்ஸ் செய்திருக்கிறேன்.

ரீப்பரின் மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) டிவைசஸ் பக்கத்தில் கருவியின் பெயர் தெரிந்தது, அதை இன்புட்டாக இயக்கிவிட்டேன். அதன் பிறகு நடப்பதெல்லாம் விசித்திரமாக இருக்கிறது. ரெக்கார்டுக்குத் தயாராக வைத்த ட்ராக்கில் வயலின் சாம்ப்ளர் (பதிவு செய்த வயலின் ஒலிகளை வாசிக்கும் மென்பொருள்) இருக்கிறது. முதல் ஃபேடரை மேலே தள்ளினால் ஒலி கூடவில்லை. வயலின் சுருதி வழுக்கிக்கொண்டு மேலே போகிறது. மற்ற ஏழு ஃபேடரையும் தள்ளினால் ஒன்றுமே நடப்பதில்லை. செலக்ட் பட்டனை அழுத்தினால் வில்லால் இழுத்துக்கொண்டிருந்த வயலின் திடீரென்று விரலால் மீட்டுகிற பிட்சிகாட்டோவுக்கு மாறிவிடுகிறது. ஃபேடரிலிருந்து விரலை எடுத்தவுடன் அது விர்ரென்று கீழே ஓடிவிடுகிறது. திரையில் கருவியின் வரவேற்பு எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது.

மோட்டார் போய்விட்டதா? உள்ளே இருக்கும் சர்க்கியூட் போர்டு போய்விட்டதா? பிரித்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

மிடிமுரளி:

பிரிக்காதீர்கள். முதலில் ஒன்று பாருங்கள்: எந்த முறையில் இயங்குகிறது? இந்த வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் போட்டால் தேர்வுப் பட்டியல் வரும். கருவி மென்பொருளோடு பேசும் முறைகள் மேக்கி கண்ட்ரோல், எச்யூஐ, சாதாரண மிடி என்று இரண்டு மூன்று இருக்கும்.

---

பழைய_கேபிள்:

இரவுப்பதிவு, உங்கள் கருவி நன்றாகவே இருக்கிறது. நீங்கள் சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் அதைத்தான் சொல்கிறது. அது மேக்கி கண்ட்ரோல் முறையில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கிறது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, கேட்கக் கூடாதவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மிடி 1983இல் வந்தது. அதில் சாதாரண கண்ட்ரோல் செய்தி 0 முதல் 127 வரை, மொத்தம் 128 படிகள்தான். ஒலியளவுக்கு அது போதாது. நீளமான ஃபேடரை மெதுவாக நகர்த்தினால் படிக்கட்டு இறங்குவதுபோல் காதில் விழும். மிடியில் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் செய்திக்குத் தொடக்கத்திலிருந்தே 14 பிட், அதாவது 16384 அளவுகள் உண்டு. அதனால் மேக்கி நெறிமுறையில் ஃபேடரை அதன் மேல் ஏற்றிவிட்டார்கள். முதல் ஃபேடர் மிடி சேனல் 1இல் பிட்ச் பெண்ட் அனுப்பும், இரண்டாவது சேனல் 2இல். எட்டுவரை இப்படியே போகும், மாஸ்டர் சேனல் 9. உங்கள் சாம்ப்ளர் சேனல் 1ஐக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது கருவியின் முதல் ஃபேடரை ஒரு கீபோர்டின் பெண்ட் சக்கரம் என்று நினைத்துச் சுருதியை இழுக்கிறது. மற்ற ஏழும் வேறு சேனலில் போவதால் அதன் காதில் விழவில்லை.

பட்டன்களும் அப்படித்தான். ஒவ்வொரு பட்டனும் ஒரு நோட், அதாவது கீபோர்டில் எண் போட்ட ஒரு கட்டை மாதிரி. ரெக்கார்ட் பட்டன்கள் நோட் 0 முதல் 7, சோலோ 8 முதல் 15, மியூட் 16 முதல் 23, செலக்ட் 24 முதல் 31. வயலின் லைப்ரரி செய்பவர்கள் வாசிப்பு முறையை மாற்றும் கீஸ்விட்ச்களை வயலின் எட்டாத அடிக்கட்டையில்தான் வைப்பார்கள். 24ஐ ஒட்டிய பகுதி அவர்களுக்குப் பிடித்த இடம். நீங்கள் செலக்ட் அழுத்துவது சாம்ப்ளருக்குக் கீபோர்டின் இடதுகோடிக் கட்டையை அழுத்தியதாகத் தெரிகிறது.

ஃபேடர் கீழே ஓடுவதற்குக் காரணம் வேறு. இந்த முறையில் ஃபேடர் தன் இடத்தைத் தானே முடிவு செய்வதில்லை. "விரல் என்னை இங்கே கொண்டுவந்தது" என்று மென்பொருளுக்குச் சொல்லும். மென்பொருள் அதைக் கேட்டு ட்ராக்கின் அளவை மாற்றிவிட்டு, "சரி, அங்கேயே நில்" என்று அதே அளவைத் திருப்பி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால், விரல் விலகியதும் மோட்டார் கடைசியாகக் கேட்ட இடத்துக்குப் போகும். உங்கள் கருவிக்கு இதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை, ஆகவே பூஜ்யம். திரையும் அதனால்தான் மாறவில்லை. அதில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் மென்பொருள்தான் அனுப்புகிறது.

செய்ய வேண்டியது: ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், அதில் கண்ட்ரோல்/ஓஎஸ்சி/வெப் பக்கம். ஆட் அழுத்தி, பட்டியலில் மேக்கி கண்ட்ரோல் யுனிவர்சலைத் தேர்ந்தெடுங்கள். செய்துவிட்டு என்ன ஆனது என்று எழுதுங்கள்.

---

இரவுப்பதிவு:

பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்தேனே, நல்லவேளை. ரொம்ப நன்றி அண்ணா.

சொன்னபடி சேர்த்தேன். பாதி சரியாகிவிட்டது! முதல் ஃபேடரைத் தள்ளினால் ரீப்பரில் முதல் ட்ராக்கின் ஒலி ஏறுகிறது. எட்டு ஃபேடரும் எட்டு ட்ராக். ப்ளே, ஸ்டாப் பட்டன்களும் வேலை செய்கின்றன. ஆனால் விரலை எடுத்தால் இன்னும் கீழே ஓடுகிறது, திரையும் அப்படியேதான். பிட்சிகாட்டோவும் போகவில்லை.

---

தாளக்காரி:

அவுட்புட் போர்ட் விட்டுப்போயிருக்கிறது. அதே பெட்டியில் மிடி இன்புட் என்று ஒரு வரியும் மிடி அவுட்புட் என்று ஒரு வரியும் இருக்கும். முதல் வரியை நிரப்பியவுடன் ஃபேடர் வேலை செய்வதால், முடிந்தது என்று நினைத்து மூடிவிடுவோம். நானும் இரண்டு நாள் அங்கேதான் நின்றேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். பின்பக்கம் வட்டமான ஐந்து ஊசி மிடி சாக்கெட் இருக்கிறதா? இருந்தால் விண்டோஸில் ஒரே பெயரில் இரண்டு போர்ட் தெரியக்கூடும். ஒன்று கருவிக்கே உரியது, மற்றது அந்தச் சாக்கெட்டுக்கு. இன்புட்டை முதலாவதிலும் அவுட்புட்டை இரண்டாவதிலும் வைத்தால் இப்போது உங்களுக்கு நடப்பதுதான் நடக்கும்.

---

இரவுப்பதிவு:

அக்கா, நீங்கள் சொன்ன இடத்திலேயே தவறு. அவுட்புட் வரியில் எதுவும் இல்லை. போர்ட்டைக் கொடுத்து ஓகே அழுத்தினேன். எட்டு ஃபேடரும் ஒன்றாக எழுந்து, ஒவ்வொன்றும் தன் ட்ராக்கின் உயரத்தில் போய் நின்றது. ஒரு சின்ன உறுமல், பிறகு அமைதி. எழுந்து நின்றுவிட்டேன். பழைய ப்ராஜெக்ட் ஒவ்வொன்றாகத் திறந்து ஃபேடர்கள் இடம் மாறுவதையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. பிட்சிகாட்டோ. அப்புறம், ஆங்கிலத்தில் பெயர் வைத்த ட்ராக்குகள் திரையில் வருகின்றன. "குரல்", "புல்லாங்குழல்" என்று தமிழில் வைத்தவை குப்பை எழுத்தாக வருகின்றன. எழுத்துரு ஏதாவது ஏற்ற வேண்டுமா?

---

பழைய_கேபிள்:

பிட்சிகாட்டோவுக்கு: நீங்கள் முதலில் மிடி டிவைசஸ் பக்கத்தில் இன்புட்டாக இயக்கியதை இப்போது நிறுத்திவிடுங்கள். கண்ட்ரோல் சர்ஃபேஸாகச் சேர்த்த போர்ட்டை அங்கே இயக்கத் தேவையில்லை. இரண்டு இடத்திலும் திறந்திருப்பதால் ஒவ்வொரு செய்தியும் இரண்டு வழியில் போகிறது: ஒன்று ஃபேடருக்கு, ஒன்று சாம்ப்ளருக்கு. ட்ராக்கின் இன்புட் "எல்லா மிடி இன்புட்டும்" என்று இருக்கும்வரை இந்தத் தொல்லை இருக்கும்.

இது ரீப்பரில் மட்டும் வருவதில்லை. கியூபேஸில் ஸ்டுடியோ செட்டப்பில் மேக்கி கண்ட்ரோலைச் சேர்த்தபின், மிடி போர்ட் பட்டியலில் "இன் ஆல் மிடி இன்புட்ஸ்" என்ற நிரலில் அந்த போர்ட்டுக்கான டிக்கை எடுக்க வேண்டும். ஏபிள்டன் லைவில் அந்த போர்ட்டுக்கு ட்ராக் என்ற சுவிட்சை அணைக்க வேண்டும். பெயர் மாறும், காரியம் ஒன்றுதான்: வாசிக்கிற கருவிக்கு ஒரு வழி, கட்டுப்படுத்துகிற கருவிக்கு ஒரு வழி.

தமிழ் எழுத்துக்கு: எழுத்துரு ஏற்ற இடமே இல்லை. மேக்கி நெறிமுறையில் திரை என்பது இரண்டு வரி, வரிக்கு 56 எழுத்து. எட்டால் வகுத்தால் சேனலுக்கு ஏழு. பக்கத்துப் பெயரோடு ஒட்டாமலிருக்க ஒன்றை இடைவெளிக்கு விட்டால் ஆறு மிச்சம். அந்த எழுத்துகள் சிஸ்எக்ஸ் என்ற, கருவிக்கே உரிய மிடி செய்தியாகப் போகின்றன, சிஸ்எக்ஸுக்குள் ஒவ்வொரு பைட்டும் 127க்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துகள் அதற்குள் அடங்கிவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அதைத் தாண்டிய எண், யூடிஎஃப்-8இல் மூன்று மூன்று பைட். திரையின் எழுத்துத் தொகுப்பிலும் தமிழ் கிடையாது. எனக்கும் இது வருத்தம்தான். நான் ட்ராக் பெயரின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்தில் நான்கைந்து எழுத்துச் சுருக்கம், பிறகு ஓர் இடைவெளி, பிறகு தமிழ்ப் பெயர் என்று வைக்கிறேன். கருவியில் சுருக்கம் தெரியும், கணினியில் முழுப்பெயர் தெரியும்.

---

நேர்கோடு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு கேள்வி மனதார. இத்தனை பாடு எதற்கு? மவுஸால் 0.1 டெசிபல் வரை துல்லியமாக வைக்கலாம். ஒலியளவு மாற்றத்தைப் பதிந்து வைக்கும் ஆட்டோமேஷன் கோட்டைக் கண்ணால் பார்த்துப் புள்ளி புள்ளியாக வரையலாம். மேசையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் பெட்டி என்ன கூடுதலாகத் தருகிறது? நான் பல வருடமாக மவுஸில்தான் மிக்ஸ் செய்கிறேன், வேலை நன்றாகவே வருகிறது.

---

தாளக்காரி:

நியாயமான கேள்வி. எடிட்டிங்குக்கும் சின்னத் திருத்தத்துக்கும் நானும் மவுஸ்தான். குரலுக்கு மட்டும் விரல் வேண்டும் என்பேன்.

தமிழ்ப் பாட்டு வரிகளைக் கவனித்துப் பாருங்கள். "காற்று", "பாட்டு", "கிழக்கு" என்று முடியும் வரிகளில் கடைசி உகரம் குற்றியலுகரம், பாதி மாத்திரைதான். பாடுபவர் அதை இயல்பாகவே விழுங்கிவிடுவார், மூச்சும் அந்த இடத்தில்தான் தீரும். பின்னணி இசை அதை மூடிவிடும், கேட்பவர் காதில் "காற்" என்று நிற்கும். அந்த "று"வை ஒன்றரை, இரண்டு டெசிபல் தூக்கினால் சொல் முழுதாகும். ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசர் கொஞ்சம் உதவும். ஆனால் எந்தச் சொல் முக்கியம் என்று அதற்குத் தெரியாது.

மவுஸில் இதைச் செய்வதென்றால் பாட்டை நிறுத்த வேண்டும், பெரிதாக்க வேண்டும், நான்கு புள்ளி வைக்க வேண்டும், திரும்பக் கேட்க வேண்டும். ஒரு பாட்டில் இப்படி அறுபது இடம் இருக்கலாம். ஃபேடரில் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓடவிட்டால், இரண்டாவது முறை கேட்கும்போதே விரலுக்கு வரி மனப்பாடம். "கிழக்" வரும்போதே விரல் ஏறத் தொடங்கிவிடும். பாடுபவரோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோல் இருக்கும். கோடு வரையும்போது கண் முடிவு செய்கிறது, இங்கே காது முடிவு செய்கிறது.

---

நேர்கோடு:

குற்றியலுகரத்தை இப்படி யோசித்ததில்லை. இன்று ஒரு பழைய மிக்ஸைத் திறந்து வரி முடிவுகளை மட்டும் கேட்டேன். ஏழு இடத்தில் சொல் பாதியில் நிற்கிறது. பதிலுக்கு நன்றி.

---

இரவுப்பதிவு:

பிட்சிகாட்டோ போய்விட்டது, பெயர்ச் சுருக்கமும் வைத்துவிட்டேன்.

தாளக்காரி அக்கா சொன்னதைப் படித்து உடனே குரல் ட்ராக்கில் முயன்றேன். ட்ராக்கை ரைட் முறையில் வைத்து ஓட்டினேன். இரண்டாம் சரணத்தில் ஃபேடரைத் தொடாமல் விட்டேன். நிறுத்திப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த ஆட்டோமேஷன் முழுவதும் அழிந்திருக்கிறது. அண்டூ செய்து மீட்டுவிட்டேன். நான் எந்த முறையில் வைக்க வேண்டும்?

---

தாளக்காரி:

ரைட் முறையை மறந்துவிடுங்கள். தொட்டாலும் தொடாவிட்டாலும் ஓடுகிற இடமெல்லாம் ஃபேடர் நிற்கும் அளவை எழுதிக்கொண்டே போகும். காலியான ட்ராக்கில் மட்டும் அதற்கு வேலை.

உங்களுக்கு வேண்டியது டச். விரல் ஃபேடரில் இருக்கும்வரை எழுதும், விரலை எடுத்தால் பழைய கோட்டுக்குத் திரும்பிவிடும். சொல் முடிவைத் தூக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. லேட்ச் என்றால் விரலை எடுத்த இடத்திலேயே நின்று, நிறுத்தும்வரை அதே அளவை எழுதும். "இந்தச் சரணத்திலிருந்து ஒரு டெசிபல் கூட" என்கிற மாதிரி வேலைக்கு லேட்ச். வேலை முடிந்ததும் ட்ராக்கை ரீட் முறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் தெரியாமல் கைபட்டுக் கோடு மாறும்.

---

இரவுப்பதிவு:

டச் அருமை. ஒரே ஒரு சிக்கல். சில சமயம் ஃபேடர் என்னோடு மல்லுக்கு நிற்கிறது. நான் மேலே தள்ள, அது நடுங்கிக்கொண்டு கீழே இழுக்கிறது. மூன்றாவது ஃபேடரில் அடிக்கடி.

---

பழைய_கேபிள்:

எப்படித் தொடுகிறீர்கள்? விரல் நுனியின் சதையாலா, நகத்தாலா?

ஃபேடர் தலையின் மேல் பூச்சு மின்சாரம் கடத்தக்கூடியது. விரல் தொட்டதும் மின்தேக்கம் மாறுவதை வைத்துத்தான் கருவி "தொட்டார்" என்று அறிகிறது. மேக்கி முறையில் அதற்கும் தனி நோட் உண்டு: முதல் ஃபேடருக்கு 104, எட்டாவதற்கு 111. அந்த நோட் போனால்தான் மோட்டார் விலகிக்கொள்ளும், டச் முறையும் எழுதத் தொடங்கும். நகத்தால் ஓரத்தைத் தள்ளினால் ஃபேடர் நகரும், ஆனால் தொட்ட செய்தி போகாது. மோட்டார் பழைய இடத்துக்கே இழுக்கும். மிகவும் உலர்ந்த விரலிலும் இப்படி ஆகும்.

மிடி செய்திகளைக் காட்டும் மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் மிடி ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர். மூன்றாவது ஃபேடரைத் தொட்டால் 106 என்ற நோட் வர வேண்டும். வந்தால் கருவியில் குறையில்லை, பிடிக்கும் விதம்தான். சதையால் தொட்டும் வரவில்லை என்றால், ஃபேடர் தலையை மெல்ல மேலே இழுத்துக் கழற்றி மறுபடி அழுத்தமாகச் செருகிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் பல மிடி டிரைவர்கள் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் தரும். ரீப்பரை மூடிவிட்டு மானிட்டரைத் திறங்கள். பார்த்து முடிந்ததும் மானிட்டரை மூடிவிட்டு ரீப்பர். "நேற்றுவரை வேலை செய்தது, இன்று திரை வெறுமை" என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். பின்னால் வேறு ஏதோ ஒன்று போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

---

இரவுப்பதிவு:

106 வருகிறது, சதையால் தொட்டால் மட்டும். நகத்தால் தள்ளினால் பிட்ச் பெண்ட் வரிகள் கொட்டுகின்றன, 106 மட்டும் வரவில்லை. என் கைப்பழக்கம்தான். நகத்தை வெட்டிவிட்டேன்.

---

சின்னநாப்:

இதே இழையில் கேட்கலாமா? என்னிடம் இருப்பது மோட்டார் இல்லாத சின்ன கண்ட்ரோலர். ஒன்பது ஃபேடர், எட்டு சுழல் நாப். மேக்கி முறை கிடையாது, மிடி லேர்ன் (நாப்பை அசைத்துக் காட்டி மென்பொருளுக்குப் பழக்கும் வசதி) வழியாக ஒவ்வொன்றாகப் பிணைத்தேன். இரண்டு தொல்லை. ஃபேடரைத் தொட்டதும் ட்ராக்கின் அளவு துள்ளிக் குதிக்கிறது. நாப்பை லேசாக வலப்பக்கம் திருப்பினால் பிளக்இன்னில் அளவு அடியோடு இறங்குகிறது, இடப்பக்கம் திருப்பினால் உச்சிக்குப் போகிறது.

---

மிடிமுரளி:

ஃபேடர்: மோட்டார் இல்லாததால் அது நிற்கும் இடத்துக்கும் மென்பொருளில் உள்ள அளவுக்கும் சம்பந்தமில்லை. ரீப்பரின் லேர்ன் பெட்டியில் சாஃப்ட் டேக்ஓவர் என்று ஒரு தேர்வு உண்டு, அதை இயக்குங்கள். ஏபிள்டனில் டேக்ஓவர் மோட், அதில் பிக்கப். ஃபேடர் உண்மையான அளவைக் கடக்கும்வரை ஒன்றும் நடக்காது, கடந்ததும் பிடித்துக்கொள்ளும்.

நாப்: மானிட்டரில் பாருங்கள். ஒரு கிளிக் வலப்பக்கம் என்ன எண், இடப்பக்கம் என்ன எண்?

---

சின்னநாப்:

வலப்பக்கம் எத்தனை கிளிக் திருப்பினாலும் 1, 1, 1. இடப்பக்கம் 127, 127.

---

மிடிமுரளி:

அதுதான். உங்கள் நாப் முடிவில்லாமல் சுழல்கிற வகை, அதனால் இடத்தைச் சொல்லாமல் "ஒன்று கூட்டு", "ஒன்று குறை" என்று மட்டும் சொல்கிறது. மென்பொருள் அதை நேரடி அளவாக எடுத்துக்கொள்கிறது. 1 என்றால் கிட்டத்தட்ட அடி, 127 என்றால் உச்சி.

லேர்ன் பெட்டியில் முறையை அப்சல்யூட்டிலிருந்து ரிலேட்டிவ் 1க்கு மாற்றுங்கள். குறைப்பதற்கு 127 அனுப்பும் நாப்புக்கு அது. 63, 65 என்று வந்தால் ரிலேட்டிவ் 2. குறைப்பதற்கு 65, கூட்டுவதற்கு 1 வந்தால் ரிலேட்டிவ் 3. மேக்கி கருவிகளின் நாப் இந்த மூன்றாவது வகை. ஊகிக்க வேண்டாம், மானிட்டரில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

---

சின்னநாப்:

ரிலேட்டிவ் 1 வைத்ததும் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. நன்றி!

---

அலைவரிசை:

ப்ரோ டூல்ஸில் இதே மாதிரிக் கருவியை இணைக்கிறேன். மேக்கி கண்ட்ரோல் என்ற பெயரே பட்டியலில் காணோம்.

---

பழைய_கேபிள்:

இருக்காது. ப்ரோ டூல்ஸ் பேசுவது எச்யூஐ, அல்லது யூகான் என்ற இன்னொரு நெறிமுறை. கருவியை எச்யூஐ முறைக்கு மாற்றிவிட்டு, செட்டப், பெரிஃபெரல்ஸ், மிடி கண்ட்ரோலர்ஸ் தாவலில் வகை எச்யூஐ, ரிசீவ் ஃப்ரம், செண்ட் டு இரண்டிலும் அதே போர்ட், சேனல் எண்ணிக்கை 8 என்று கொடுங்கள். எச்யூஐயில் மென்பொருள் விடாமல் "இருக்கிறாயா?" என்று ஒரு செய்தி அனுப்பும், கருவி "இருக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு பக்கம் போர்ட் மாறியிருந்தால் பதில் போய்ச் சேராது, தொடர்பு இல்லை என்று எச்சரிக்கை வரும். முதலில் அந்த இரண்டு வரியைச் சரிபாருங்கள்.

லாஜிக் மென்பொருளில் இதற்கு நேர்மாறாக மேக்கி முறையில் வைப்பதே சுகம், பல கருவிகளை அதுவே கண்டுகொள்ளும். ஆர்டர் என்ற மென்பொருளில் பிரிஃபரன்சஸ், கண்ட்ரோல் சர்ஃபேசஸ், மேக்கி.

---

இரவுப்பதிவு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இப்போது குரல் மிக்ஸ் முழுவதும் விரலில்தான். அதே வகையில் எட்டு ஃபேடர் உள்ள எக்ஸ்டெண்டர் (கூடுதல் ஃபேடர் பெட்டி) ஒன்றும் கிடைத்தது. ஆனால் இரண்டு பெட்டியிலும் அதே முதல் எட்டு ட்ராக் தெரிகிறது. பக்கத்துப் பெட்டியில் ஒன்பதாவது தொடங்க வேண்டாமா?

---

பழைய_கேபிள்:

இரண்டாவதையும் யுனிவர்சல் என்றே சேர்த்திருப்பீர்கள். அதை நீக்கிவிட்டு மேக்கி கண்ட்ரோல் எக்ஸ்டெண்டர் என்று சேருங்கள். எத்தனை ட்ராக் தள்ளித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் சர்ஃபேஸ் ஆஃப்செட் என்ற இடத்தில் 8. எக்ஸ்டெண்டரை இடப்பக்கம் வைக்க ஆசைப்பட்டால் எக்ஸ்டெண்டருக்கு 0, முதன்மைப் பெட்டிக்கு 8. லாஜிக்காக இருந்தால் செட்டப் சன்னலில் இரண்டு படங்களையும் மேசையில் இருக்கும் வரிசையிலேயே பக்கம் பக்கமாக இழுத்து வைத்தால் போதும்.

இரண்டு பெட்டியின் போர்ட் பெயரும் ஒன்றுபோல் இருந்தால், ஒவ்வொன்றையும் எந்த யூஎஸ்பி சாக்கெட்டில் செருகினீர்களோ அதிலேயே எப்போதும் செருகுங்கள். மாற்றிச் செருகினால் விண்டோஸ் போர்ட் வரிசையை மாற்றிவிடக்கூடும். அப்புறம், இரண்டுக்கும் அதனதன் பவர் அடாப்டரைக் கொடுங்கள். எட்டு மோட்டார் ஒரே நேரத்தில் எழும்போது யூஎஸ்பி சாக்கெட்டின் மின்சாரத்தை நம்ப முடியாது.

---

இரவுப்பதிவு:

ஆஃப்செட் 8 கொடுத்தேன். ஒன்பதாவது ட்ராக் வலப்பக்கப் பெட்டியின் முதல் ஃபேடரில் வந்து நிற்கிறது. யூஎஸ்பி சாக்கெட் இரண்டிலும் "1", "2" என்று டேப் ஒட்டிவிட்டேன்.